கோட்டு போட்ட சாப்பாடு

வெளிநாட்டில் வயிறு கெட்டால் நம் ஆட்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தள்ளுவண்டிக்காரரைத்தான். ஓட்டல் பஃபேயை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது கோட்டு போட்டிருக்கிறது அல்லவா!

பாங்காக்கில் என் மனைவியின் அண்ணனும் அப்படித்தான். பொழுது சாய்ந்ததும் யாவராத் சாலையின் இருபுறமும் வாணலிகள் சீற ஆரம்பித்துவிடும். அவரோ சானிடைசரும் கையுமாக, தீமிதிக்கு வந்தவர் போல அந்தத் தெருவைக் கடந்தார். நான் ஒரு தட்டு பாட் தாய் நூடுல்ஸ் வாங்கியதைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கீங்கல்ல?" என்றார்.

மறுநாள் காலை, தங்கியிருந்த ஓட்டலில் ஆறிப்போன ஃப்ரைடு ரைஸையும் எப்போதோ நறுக்கி வைத்த பப்பாளியையும் இரண்டு முறை போட்டுக்கொண்டார். இலவசம் வேறு. பிற்பகலில் எல்லோரும் அரண்மனை பார்த்தோம். அவர் அதன் கழிப்பறையை மட்டும் பார்த்தார்.

கிருமிக்கு நட்சத்திர ஓட்டல், நடைபாதை என்ற பேதமெல்லாம் கிடையாது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை இதமான சூடும், சில மணி நேர ஓய்வும் கிடைத்தால் குடும்பம் பெருக்கிவிடும். சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் கெட்டிக்காரக் கிருமி. அதன் வித்துகள் கொதியிலும் பிழைக்கும். அது கக்கிய, வாந்தி வரவைக்கும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. கண்ணெதிரே புரட்டி, ஆவி பறக்கத் தட்டில் விழும் பண்டத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை. பாங்காக்கின் தெருக்கடைச் சமையல்காரர் ஜே ஃபாய் பாட்டி கண்களுக்குக் கவசம் மாட்டிக்கொண்டு, கரியடுப்பில் நண்டு ஆம்லெட் போட்டே மிஷலின் நட்சத்திரம் வாங்கியவர்.

அதற்காகத் தெருவில் கண்டதையும் தின்னச் சொல்லவில்லை. சோம் தம் எனும் பப்பாளிக்காய்க் கலவையில் உப்பில் ஊறிய பச்சை நண்டைச் சேர்த்து இடிப்பார்கள். அது வேண்டாமென்று சைகை காட்டிவிடுங்கள். பழத்தை முழுசாக வாங்கி, நீங்களே தோலுரியுங்கள். உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் கடையாகப் பாருங்கள். அங்கே எதுவும் ஆறும்வரை இருக்காது. சானிடைசரை நம்பிச் சோப்பைக் கைவிடாதீர்கள். வயிற்றைக் கெடுக்கும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக அசையாது.

அத்தனையும் மீறி வயிறு கலக்கினால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.