எக்ஸுக்குப் பதில் நூறு

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், எக்ஸ் போடாமல் ஏதோ ஓர் எண்ணை வைத்துப் பார்த்தே விடை சொல்லிவிடுகிறாள். இது குறுக்கு வழி இல்லையா?

பதில்: குறுக்கு வழிதான். ஆனால் மூவாயிரம் வருடத்துக்கு மேல் பலர் நடந்து தேய்ந்த வழி! கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸ் என்ற கணக்குச் சுருளில் ஒரு கணக்கு: ஓர் எண்ணோடு அதன் ஏழில் ஒரு பங்கைக் கூட்டினால் 19. அந்த எண் எது? முதலில் 7 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏழும் ஒன்றும் எட்டு. வர வேண்டியதோ 19. எட்டு எத்தனை மடங்கானால் 19 ஆகுமோ, ஏழையும் அத்தனை மடங்காக்கு. விடை பதினாறும், எட்டில் ஐந்து பங்கும். நம் கணித அறிஞர் பாஸ்கரர் 1150-ல் எழுதிய லீலாவதி என்ற நூலில் இந்த முறைக்கு ‘இஷ்ட கர்மம்’ என்றே பெயர். இஷ்டப்பட்ட எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

சதவீதக் கணக்கிலும் இப்படித்தான். சேலை விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி தந்தால்? விலை 100 என்று வையுங்கள். 120 ஆகும், தள்ளுபடி 24, மிச்சம் 96. எக்ஸ் வந்து சேருவதற்குள் விடை வந்துவிட்டது.

ஒன்று மட்டும் கவனம். ‘அதோடு 5 கூட்டினால்’ என்று தனி எண் ஒட்டிக்கொண்டால் இந்த மடங்கு வித்தை அப்படியே பலிக்காது, எக்ஸ் போடுவதே நல்லது. மகளைத் தடுக்காதீர்கள். ஆனால் தேர்வில் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. அதனால் விடைத்தாளில் மட்டும் எக்ஸ் போட்டு எழுதச் சொல்லுங்கள்.