டெட்ராய்ட்டில் ஒரு கண்டக்டர்

டெட்ராய்ட் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்கு எந்த பஸ்ஸுடா?" நான் இளைத்துவிட்டேனா என்றுகூடப் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் சென்னையில் கண்டக்டராக இருந்தவர். அதில் பாதி 29சி. பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே இத்தனை வருஷம் விசில் ஊதிய வாய், சும்மா இருக்குமா?

"பஸ் இல்லப்பா, கார் இருக்கு" என்றேன். பிரேக் செய்யும் கம்பெனியில் இன்ஜினீயர் என்பதால் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கிழிந்த நோட்டை நீட்டும் பயணியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஒரகடத்தில் வேலை பார்த்தபோது எங்கள் மேனேஜர்கள் வாய்க்கு வாய் சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்பார்கள். நகலே இப்படி என்றால் அசல் எப்படி இருக்கும் என்ற நினைப்போடுதான் விமானம் ஏறினேன். வந்த முதல் வாரம் கையில் லைசென்ஸ் கிடையாது. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்த கடைக்குப் பால் வாங்க நடந்தேன். நடைபாதை ஒரு பேங்க் வாசல்வரை யோக்கியமாக வந்தது. அப்புறம், இதற்குமேல் உன் சமத்து என்று புல்தரையில் முடிந்துவிட்டது. திரும்பி வருகிறபோது ஒரு அம்மாள் காரை ஓரங்கட்டி, வண்டி ரிப்பேரா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டார். அடுத்து ஒரு போலீஸ்காரர். எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று ஆஸ்பத்திரிக் குரலில் விசாரித்தார். பால் கேனைத் தூக்கிக் காட்டினேன். நம்பினாரா, தெரியாது. இங்கே நடப்பதென்றால் நாயோடு நடக்க வேண்டும், இல்லையென்றால் மூச்சிரைக்க ஓட வேண்டும். பால் கேனோடு நடந்தால் குடும்பத்தில் ஏதோ குழப்பம் என்று அர்த்தம்.

அப்பா இரண்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்தார். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. "எல்லா வண்டியிலயும் டிரைவர் மட்டும்தான் இருக்கான், பாசஞ்சரே இல்ல. எல்லாம் ஷெட்டுக்குப் போற வண்டியா?"

அதற்குமேல் தாங்காது என்று சனிக்கிழமை பஸ்ஸில் டவுனுக்குக் கூட்டிப்போனேன். பஸ் ஸ்டாப் இரண்டு கிலோமீட்டர். நடுவில் நடைபாதை இல்லை. ஆகவே பஸ் பிடிப்பதற்காகக் காரில் போய், ஒரு மாலில் காரை நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஸ்டாப் என்றால் ஒரு கம்பம். நிழற்குடை கிடையாது. "கல்யாணம் நின்னுபோன மாப்பிள்ளை மாதிரி தனியா நிக்குதேடா" என்று அப்பா அந்தக் கம்பத்துக்காக வருத்தப்பட்டார்.

பஸ் தெற்கே போனது. எங்கள் புறநகர்ப் பக்கத்து ரோடுகளுக்கு மைல்தான் பெயர். 15 மைல் ரோடு, 14 மைல் ரோடு என்று ஒவ்வொரு மைலுக்கும் ஒன்றாகக் குறைந்துகொண்டே வரும். அப்பா முகத்தில் முதல்முறையாக வெளிச்சம். "அட, ஸ்டேஜ் கணக்கு!" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். 8 மைல் ரோட்டில்தான் டெட்ராய்ட் நகரம் தொடங்குகிறது. வெகுகாலம் அந்த ரோட்டுக்குத் தெற்கே கறுப்பர்கள், வடக்கே வெள்ளையர்கள் என்று ஊர் பிரிந்து கிடந்தது. பஸ்ஸும் அப்படியே. நகரத்துக்கு ஒரு நிர்வாகம், புறநகருக்கு இன்னொன்று. புறநகர் பஸ் நகரத்துக்குள் வந்தால் ஆளை இறக்கலாம், ஏற்றக்கூடாது. திரும்பிப் போகும்போது ஏற்றலாம், இறக்கக்கூடாது. பல வருஷம் இப்படி ஓட்டினார்கள். போதாததற்கு, எங்களுக்கு பஸ்ஸே வேண்டாம் என்று ஒரு புறநகர் எழுதிக்கொடுத்து விலகிக்கொள்ளவும் விதி இருந்தது.

"பஸ் வேணும்னு மறியல் பண்ணிப் பாத்திருக்கேன். வேணாம்னு எழுதிக் குடுப்பாங்களா?" அப்பாவுக்கு அந்த விஷயம் கடைசிவரை ஜீரணமாகவில்லை.

வுட்வர்ட் அவென்யூவில் ஒரு காலத்தில் டிராம் ஓடியது. 1956ல் நிறுத்தி, நல்ல வண்டிகளை மெக்சிகோ சிட்டிக்கு விற்றுவிட்டார்கள். மெட்ராஸ் டிராம் 1953லேயே மூடப்பட்டது. ஆக, அந்த ஒரு விஷயத்தில் இந்தியாவின் டெட்ராய்ட் அசல் டெட்ராய்ட்டை மூன்று வருஷம் முந்திக்கொண்டது.

வழியில் வீடு இருக்க வேண்டிய இடங்களில் புல். ஒரு வீடு, நாலு மனை காலி, மறுபடி ஒரு வீடு. பொக்கை வாய் மாதிரி தெரு.

"1950ல இங்க 18 லட்சத்து 49 ஆயிரம் பேருப்பா. 2020ல 6 லட்சத்து 39 ஆயிரம்."

"மீதிப் பேரு?"

"பாதிப் பேரு நம்ம வீட்டுப் பக்கம் வந்துட்டாங்க."

"எதுல வந்தாங்க?"

"கார்லதான்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஊரே பட்டறை போட்டுச் செய்த வண்டியில் ஊரே ஏறிப் போய்விட்டால் என்னதான் சொல்வது? வரி கட்டுகிறவர்கள் போனார்கள், தொழிற்சாலைகளும் போயின. 2013ல் நகரமே மஞ்சள் கடுதாசி கொடுத்தது. போகிறவர்கள் சீக்கிரம் போகட்டும் என்று அகல ரோடுகளும் போட்டுக் கொடுத்தார்கள். கறுப்பர்களின் கடைவீதியாக இருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவை இடித்து, அதன்மேல்தான் ஒரு அதிவேகச் சாலை போகிறது. அந்தத் தெருவைப் பற்றி எனக்குச் சிரித்துக்கொண்டு எழுத வரவில்லை.

டவுனில் 'பீப்பிள் மூவர்' ஏறினோம். தூண்கள்மேல் ஓடும் குட்டி ரயில். 1987ல் திறந்தது. டிரைவர் இல்லை. 2024லிருந்து டிக்கெட்டும் இல்லை. 13 ஸ்டேஷன், நாலே முக்கால் கிலோமீட்டர் வட்டம், ஒரே திசையில். பின்னால் விட்டுவிட்ட ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமானால் மீதி ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். நாலா பக்கமிருந்தும் பெரிய ரயில்கள் வந்து ஆட்களைக் கொட்டும், அவர்களை டவுனுக்குள் பிரித்துக் கொடுக்க இது என்பது திட்டம். பெரிய ரயில் வரவேயில்லை. வடையைச் சுடாமல் ஓட்டையை மட்டும் எடுத்து வைத்த கதை.

பெட்டியில் நாங்களும் தூங்கும் ஒருவரும். அப்பா பழக்கதோஷத்தில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று என்னை நகர்த்தினார். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் கேட்டார்.

"பிரதட்சிணம் நல்லாத்தான் இருக்கு. மூலவர் எங்கடா?"

நல்ல கேள்வி. இறங்கி பேக்லி அவென்யூவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே 1926ல் கட்டிய மிச்சிகன் தியேட்டர் இருக்கிறது. நாலாயிரம் பேர் உட்கார்ந்து படம் பார்த்த இடம். ஆள் வரத்து நின்றபின் இடிக்கப் பார்த்தார்கள். ஒட்டியிருக்கும் ஆபீஸ் கட்டடமும் ஆட்டம் காணும் என்று தெரிந்தது. அந்த ஆபீஸ்காரர்களுக்கோ கார் நிறுத்த இடம் வேண்டும். நாற்காலிகளை எடுத்துவிட்டு உள்ளே மூன்றடுக்கு பார்க்கிங் கட்டிவிட்டார்கள். காவலாளியிடம் கேட்டு எட்டிப் பார்த்தோம். தலைக்குமேல் பூவேலை செய்த கூரை, பாதி உதிர்ந்து தொங்குகிறது. மேடையின் வளைவு அப்படியே. கீழே, திரையைப் பார்த்தபடி, வரிசை வரிசையாகக் கார்கள். இடைவேளைக்கு எழுந்திருக்காத ரசிகர்கள்.

இதற்குத் தலபுராணமும் உண்டு. ஹென்ரி ஃபோர்டு 1896ல் தன் முதல் வண்டியைச் செய்த கொட்டகை இதே இடத்தில்தான் இருந்தது. வண்டியை முடித்தபிறகுதான் தெரிந்ததாம், கதவைவிட வண்டி அகலம். கோடரியால் சுவரை உடைத்து வெளியே கொண்டுவந்தார். அன்று உடைக்க ஆரம்பித்ததுதான், ஊர் நிறுத்தவேயில்லை.

அப்பா செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தாற்போல எனக்குப் பட்டது.

திரும்பும்போது மால் வாசலில் இருந்த காரில் ஏறினோம். அதன்பிறகு அவர் பஸ் பேச்சே எடுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்தால் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத கார். அதிலிருந்து அப்பா இறங்குகிறார், கையில் கொத்தமல்லிக் கட்டு. ஓட்டி வந்த அம்மாளுக்குக் கும்பிடு போட்டு, பழைய வழக்கப்படி காரின் மேல் இரண்டு தட்டு தட்டி, "ரைட்!" என்றார். கார் போனது.

"யாருப்பா அவங்க?"

"யாருக்குத் தெரியும்? கடைக்குப் போகையில ஒருத்தர் நிறுத்தினார். வரும்போது இந்தம்மா. நாலு நாளா இப்படித்தான். பஸ் இல்லன்னு சொன்னியே, நடந்து பாரு, தானா வந்து நிக்குது. கையைக்கூடக் காட்ட வேணாம். ஒரே குறை, சில்லறை குடுத்தா வாங்க மாட்டேங்கறாங்க."