ரூபவாஹினிக்கு ஒரு சத்தியக் கடதாசி

தலைவர்,
இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம்,
சுதந்திர சதுக்கம், கொழும்பு 07.

ஐயா அல்லது அம்மணி,

(ஆட்சி மாறினால் உங்கள் கதிரையிலும் ஆள் மாறும். கடிதம் வந்து சேரும்போது யார் இருப்பீர்களோ!)

வெள்ளவத்தையில் குடியிருந்து, கரண்ட் பில்லைத் தவறாமல் கட்டிவரும் தமிழ் நேயனாகிய நான் உறுதிகூறி எழுதுவதாவது: 1982 பெப்ரவரி 15 அன்று ஜப்பான்காரரின் அன்பளிப்போடு ஒளிபரப்பைத் தொடங்கிய நாள் முதல், நொந்துபோன ஒரு கொழும்புத் தமிழ்ச் சட்டத்தரணியின் கதையைத் தொடராகக் காட்டி எங்கள் நிம்மதியை நீங்கள் கெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு முதலில் நன்றி.

கெடுத்தது சென்னைதான். 2025 ஜூலை 18 அன்று ஜீ5 தளத்தில் 'சட்டமும் நீதியும்' என்று ஏழு அத்தியாயத் தொடர் ஒன்று வந்தது. 'பருத்திவீரன்' சித்தப்பு சரவணன்தான் வக்கீல் சுந்தரமூர்த்தி. கோர்ட்டுக்குள் ஏறி வாதாடாமல், வெளியே இருந்து நொத்தாரிசு வேலை பார்த்து வயிறு கழுவுகிற மனிதர். மகளைக் காணவில்லை என்ற முறைப்பாட்டைப் பொலிஸ் எடுக்காததால் ஒரு தகப்பன் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளிக்கிறார். அந்த வழக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறவர், அதுவரை ஒருவரும் மதிக்காத இந்தச் சுந்தரமூர்த்தி. எங்கள் ஒழுங்கையில் விசாரித்தால் முக்கால்வாசிப் பேருக்கு இப்படியொரு தொடர் வந்ததே தெரியாது. மாமியார் பாலில் விஷம் கலக்காத தொடரை யார் தேடிப் போவார்கள்?

தெரியாமல் பார்த்துத் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரே கேள்வி: இந்த ஆள் எங்கள் புதுக்கடை நீதிமன்றங்களில் இல்லையா?

இருக்கிறாரே. கறுப்புக் கோட்டை நாலாக மடித்துக் கையில் போட்டபடி, காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் தொங்குகிறார். கேற்றில் தொங்கும் பெயர்ப்பலகையில் முதலெழுத்து மழையில் கரைந்து 'ட்டத்தரணி' மட்டும் மிஞ்சியிருக்கிறது. மனைவியின் சங்கிலி செட்டியார் தெருவில் அடகில். கட்சிக்காரர்கள் எல்லாம் கொட்டாஞ்சேனை. ஜம்பட்டா வீதியில் வாடகை முற்பணம் திரும்பக் கிடைக்காதவர், காசோலை திரும்பியவர், மகன் வெளிநாட்டிலிருந்து அட்டர்னி தத்துவம் அனுப்பியவர். காசு "அடுத்த தவணைக்குத் தாறன் ஐயா". அந்தக் காலத்து அப்புக்காத்து வீட்டுக் கார் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதையைக் கேட்டு ஏமாந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் அத்தியாயத்தை நானே எழுதித் தருகிறேன். கொட்டாஞ்சேனை ஆச்சி ஒருவர் சாட்சிக் கூண்டில். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். மொழி தெரியாதவருக்கு அரசு உரைபெயர்ப்பாளர் தரவேண்டும். தந்தாயிற்று. ஆச்சி தொடங்குகிறா: "ஐயா, அந்தப் பொடியனை நான் என்ர பிள்ளை மாதிரித்தான் நினைச்சனான், அவன்ர தாய் செத்தவீட்டுக்கும் நான்தான் சமைச்சு அனுப்பினனான், அட்வான்ஸ் காசை எண்ணிக் குடுக்கேக்க அந்தோனியார் படத்துக்கு முன்னால வச்சுத்தான் குடுத்தனான்..." மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்து, சேலைத் தலைப்பைச் செருகி முடிக்கிறா. உரைபெயர்ப்பாளர் நீதவானைப் பார்த்துச் சொல்கிறார்: "ஒவ், ஸ்வாமினி." அதாவது, 'ஆம், கனம் நீதவான் அவர்களே'. அவ்வளவுதான். நம் சட்டத்தரணியின் முகத்தை மட்டும் பத்து விநாடி காட்டுங்கள், போதும். வசனச் செலவும் மிச்சம்.

அத்தியாயம் போதாது என்று பயப்படவேண்டாம். ஒரு பாகப்பிரிவினை வழக்கைக் கொண்டுவாருங்கள். பாட்டன் வழக்குப் போட, தகப்பன் தவணைக்கு வர, பேரன் ஐந்து பேர்ச் காணிக்குப் பேத்திகளோடு சண்டை பிடிப்பான். இந்தியாவின் எந்த மெகாத் தொடருக்கும் இந்த நீளம் வராது.

அடிதடி வேண்டுமென்றால் கற்பனைக்கே செலவழிக்கத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதவான் நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்தவர் பாதாள உலகக் குழுத் தலைவர் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி உள்ளே வந்தது, நடுவில் வெட்டிக் குடைந்த சட்டப் புத்தகத்துக்குள். அந்தக் கொலைக்காகத் தேடப்பட்ட பெண் சந்தேகநபர் ஒக்டோபரில் நேபாளத்தில் பிடிபட்டார். இதை ஒரு தமிழ் எழுத்தாளர் கதையாக எழுதித் தந்திருந்தால் 'நம்பும்படியாக இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பீர்கள். உண்மையான சட்டத்தரணி புத்தகத்தைப் படித்துக் காசில்லாமல் நிற்கிறார். வேடம் போட்டவர் குடைந்த புத்தகத்தால் நாடு முழுக்கப் பெயர் எடுத்தார். இந்த ஒரு முரணுக்காகவாவது தொடர் எடுக்கலாமே.

கொழும்புத் தமிழை யார் ரசிப்பார்கள் என்று கேட்காதீர்கள். மரிக்கார் ராமதாஸ் குழுவின் 'கோமாளிகள்' 1976இல் திரைக்கு வந்தபோது இதே ஊர்ச் சனம்தான் டிக்கெட் எடுத்துச் சிரித்தது.

நடிகர் பற்றாக்குறை இல்லை. காலை எட்டரைக்குப் புதுக்கடைச் சந்தியில் கமராவை வைத்தால் பாத்திரங்கள் தாங்களே நடந்து வரும். கோட்டும் அவர்களே கொண்டுவருவார்கள். உங்கள் தமிழ் அலைவரிசையான நேத்ராவில் கிழமைக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள், அது போதும்.

முடியாது என்றால் காரணத்தை எழுதி அனுப்பவும். தயவுசெய்து தமிழில் எழுதவும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் அதுவும் இந்நாட்டின் அரசகரும மொழி.

இப்படிக்கு,
வெள்ளவத்தை நேயன்