சொல்தா தாத்தாவும் அக்னிவீரனும்

புதுச்சேரியில் எங்கள் தெருவில் 'சொல்தா தாத்தா' என்றால்தான் அவரைத் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் 'சொல்தா'வாக, அதாவது சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் பார்த்தவர். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்த சில ஆயிரம் பேரில் இவரும் ஒருவர்.

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-க்கு முதல் நாளே மெடல்களைத் திண்ணையில் பரப்பி, விபூதி தொட்டுத் துணியால் தேய்ப்பார். மறுநாள் கோட்டு மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குக் கிளம்புவார். "எங்க கேப்டன் ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாரு. பெரிய பொண்ணுக்கு அம்மை போட்டிருக்குன்னு கடுதாசி வந்தப்ப, அவரே வந்து லீவு குடுத்தாருடா" என்பார்.

நம்மை ஆண்டவர்களின் படை அது. இன்னொரு அடிமை நாட்டை அடக்கத்தான் நம்மவர்களை அனுப்பியது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் தாத்தாவுக்குப் பென்ஷன் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அவர் போன பிறகு பாட்டிக்கும் வந்தது. எங்கள் தெருப் பையன்கள் பட்டாளத்துக்கு ஆசைப்பட்டது அதைப் பார்த்துத்தான், வீரக்கதை கேட்டு அல்ல.

இப்போது அதே தெருவில் ஒரு பையன் இந்திய ராணுவத்தில் அக்னிவீரன். 2022 ஜூனில் அறிவித்த திட்டம்: நான்கு ஆண்டு வேலை, முடிவில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி, பென்ஷன் இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். படையின் சராசரி வயது நாலைந்து ஆண்டு குறையும் என்கிறது அரசு. எல்லையில் மலையேற இளவயது வேண்டும்தான். ஆனால் லீவில் வந்தவன் சொன்னது வேறு: "நாலு பேர்ல ஒருத்தனுக்குத்தான் மாமா வேலை. பக்கத்துக் கட்டில்காரன் என்ன மார்க் வாங்கினான்னு பார்த்துக்கிட்டே படுக்கிறோம்."

குண்டு பாயும் இடத்தில் இவனை இழுத்துவர வேண்டியவன் அந்தப் பக்கத்துக் கட்டில்காரன்தான். அவனைப் போட்டியாளனாக்கிவிட்டு, யோகாவும் கவுன்சிலிங்கும் கொடுத்து மனத்திடத்தை வளர்த்துவிட முடியாது.

துணை ராணுவத்தில் அக்னிவீரர்களுக்கு 10 விழுக்காடு இடம் என்று 2022-லேயே அறிவித்தார்கள். படையை விட்டு வரும் நாளிலேயே அந்த வேலை உத்தரவு பையன்களின் கைக்கு வர அரசு வழி செய்ய வேண்டும். யாரை, எதை வைத்து நிரந்தரமாக்குகிறார்கள் என்பதையும் முதல் ஆண்டிலேயே உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும்.