மூட்டை அழியாமை விதி: மோட்டார் சைக்கிள் கூடாரப் பயண ஆயத்தம் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கக் கிளம்புவோர், புறப்படுவதற்கு முந்தின இரவு மூட்டையைக் குறைக்கிறார்கள் என்பது பொதுநம்பிக்கை. அதற்கு ஆதாரமில்லை என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. மூட்டை குறைவதில்லை, வண்டி மாறுகிறது. ஒருவர் பையிலிருந்து வெளியேற்றப்பட்ட எப்பொருளும் அதே குழுவின் இன்னொரு வண்டியில் மலையேறியே தீரும். இதுவே மூட்டை அழியாமை விதி.

ஆய்வெல்லை

களம் கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒழுங்காகக் கட்டப்படாத மூட்டை தன் மறுப்பைத் தெரிவிக்க இங்கே 70 வாய்ப்புகள். 14 வளைவுகளே உள்ள ஏலகிரியில் ஆய்வாளருக்கு இந்த வசதி கிடையாது. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் கூடாரம் அடிக்க முடியாது. ஆகவே, பின்னாளில் 'நடுக்காட்டில் தங்கினோம்' என்று விவரிக்கப்படும் இடம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய தோட்டம் என்று கொள்க.

சுமையின் நால்வகை

முதலாவது வண்டிச்சுமை: ஸ்பேனர், பஞ்சர் கிட், கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக். இதைத் தூக்கி வருபவருக்கு இதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இரண்டாவது உடற்சுமை: கூடாரம், தூங்கு பை, மழைக்கோட்டு, ஸ்வெட்டர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கொல்லிமலையின் உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை. நாமக்கல் வெயிலில் நின்றுகொண்டு 'ஸ்வெட்டர் எதுக்குடா?' என்று கேட்டவர், இரவு பத்து மணிக்கு அடுத்தவர் ஸ்வெட்டரின் தரத்தைப் பாராட்டத் தொடங்குவது இதனால்தான்.

மூன்றாவது வீட்டுச்சுமை: புளிச்சாதம், எண்ணெய் தடவிய மிளகாய்ப்பொடி இட்லி, மாத்திரை டப்பா, பவானி ஜமுக்காளம். தூங்கு பையைக் கண்டுபிடித்தவர்கள் அது ஜமுக்காளத்துக்கு மாற்று என்று கருதியிருக்கலாம். அம்மாக்கள் அப்படிக் கருதவில்லை. தூங்கு பையை விரிப்பதற்குக் கீழே ஏதாவது வேண்டுமல்லவா?

நான்காவது, 'எதற்கும் இருக்கட்டும்' சுமை. இரண்டாவது டார்ச், மூன்றாவது துண்டு, நைலான் கயிறு, அந்தக் கயிற்றை வெட்டக் கத்தி. பட்டியலில் கடைசியாக ஏறுவதும், கழிக்கும்போது முதலில் இறங்குவதும் இவ்வகையே. இறங்கியது எங்கே போகிறது என்பதுதான் நம் ஆய்வு.

இடமாற்றத்தின் பொறிமுறை

இடமாற்றம் நிகழ்வது அதிகாலை ஐந்து மணிக்கு, டீக்கடை வாசலில். புல்லட்காரர் தன் பையை ஒருமுறை பார்ப்பார். பிறகு ஸ்ப்ளெண்டர்காரரைப் பார்ப்பார். 'மச்சி, உன் வண்டியில இடம் இருக்குல்ல? இத மட்டும் வச்சுக்கடா.' பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் இல்லை. ஏறத்தாழ 195 கிலோ எடையுள்ள வண்டியிலிருந்து ஏறத்தாழ 112 கிலோ எடையுள்ள வண்டிக்குப் பாத்திர மூட்டை போய்ச் சேருகிறது. சுமை வலுவான வண்டியை நோக்கிப் பாயும் என்று இயந்திரவியலார் எதிர்பார்க்கலாம். அது பாய்வது இளகிய மனத்தை நோக்கி.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 128ஆம் பிரிவு, ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது. மூட்டையை ஓர் ஆளாகக் கணக்கிடுவதா என்பதில் சட்டம் மௌனம் சாதிக்கிறது. ஸ்ப்ளெண்டரின் பின்னிருக்கையில் உட்கார வேண்டியிருந்தவர் மட்டும் அதற்கு விடை கண்டுவிட்டு, வேறு வண்டி தேடிக்கொண்டிருப்பார்.

கட்டும் கலையும் அதன் ஆசான்களும்

கனமானவை தாழ்வாகவும் முன்தள்ளியும், இரு சக்கரங்களுக்கும் இடையே அமைய வேண்டும். பின் அச்சையும் தாண்டி எடை போனால் முன்சக்கரம் லேசாகி, மேட்டு வளைவில் ஹேண்டில் ஓட்டுபவரைக் கலந்தாலோசிக்காமல் முடிவெடுக்கும். இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை.

இத்துறையின் உண்மையான பேராசிரியர்கள் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் பிளாஸ்டிக் குடம் விற்பவர்கள். ஆளே தெரியாத அளவுக்குக் குடத்தைக் கோபுரமாக அடுக்கித் தெருத்தெருவாகப் போகும் அவர்கள் கையில் இருப்பது பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறிய ரப்பர் பட்டை. குலுக்கலில் மூட்டை அமுங்கினால் நைலான் கயிறு தொளதொளத்துப் போகும்; இழுத்துக் கட்டிய ரப்பரோ கூடவே சுருங்கி இறுக்கத்தைக் காக்கும், வழுக்கவும் செய்யாது. கொக்கி வைத்த விலையுயர்ந்த பட்டைகளின் சித்தாந்தம் முழுவதும் இவ்வளவே.

கட்டுவதற்குப் பிடிமானம் வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருபவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பு வேண்டும் என்கிறது. சேலைகளுக்காக வந்த அந்த சாரி கார்டில்தான் இன்று சாகச வீரர்கள் கூடாரம் கட்டுகிறார்கள். இடப்பக்கம் இப்படிச் சட்டத்தின் துணை உண்டு. வலப்பக்கம் சைலன்சர். தொங்கும் பையின் அடிமூலை அதைத் தொட்டால் முதலில் ஒரு தீய்ந்த வாடை வரும். 'எவனோ குப்பை கொளுத்துறான்' என்று நான்கு வளைவுகள் தாண்டியபின் இறங்கிப் பார்த்தால், மழைக்கோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, அதன் ஓரம் கருகிச் சுருண்டு சைலன்சரில் ஒட்டியிருக்கும். மலையில் மழை பிடிப்பது இதற்குப் பிறகே.

ஆட்சேபமும் விடையும்

'தனியாகப் போகிறவருக்கு இன்னொரு வண்டி ஏது? அவர் மூட்டையைக் குறைத்துத்தானே ஆக வேண்டும்?' என்பார்க்கு விடை: அவருடைய சுமை வண்டியிலிருந்து உடம்புக்கு மாறும். பின்னிருக்கையில் இடம் பெறாதவை முதுகுப்பைக்கும், அதிலும் அடங்காதவை ஜாக்கெட்டின் எல்லாப் பைகளுக்கும் குடியேறும். அவர் வண்டியைவிட்டு இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் விதியின் உண்மை விளங்கும்.

'சாப்பாடு தீர்ந்துவிட்டால் திரும்பும்போது சுமை குறையுமே?' என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் கொல்லிமலையில் மிளகு விற்கிறார்கள்; மலைவாழை, அன்னாசி விற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பலாப்பழம் விற்கிறார்கள். புளிச்சாதம் காலி செய்த இடத்தில் முழுப் பலா உட்காரும். போதாக்குறைக்கு, ஒருமுறை பிரித்த கூடாரம் தன் உறைக்குள் திரும்ப நுழைய மறுத்துப் பருத்திருக்கும். எனவே விதியைச் சற்றே திருத்த வேண்டியுள்ளது: மூட்டையை அழிக்க முடியாது, ஆக்க முடியும்.

பரிந்துரை

எதை விட்டுப் போவது என்ற பட்டியல்களால் பயனில்லை. விடப்பட்டவை வந்து சேரும் முகவரியை அறிவதே ஆயத்தம். ஆகவே குழுவினர் புறப்படும் முன், தங்களுள் 'முடியாது' என்று சொல்ல வராதவர் யார் என்று கண்டறிந்து, அவர் வண்டியின் பின்சக்கரத்துக்கு, இருவர் செல்லும்போது வைக்கச் சொல்லி நிறுவனம் குறித்த அளவுக்குக் காற்றுப் பிடித்துவைப்பது நலம்.