விரல் நீட்டினால் சாப்பாடு

மொழி தெரியாத ஊரில் நம்மவர் முதலில் ஆங்கிலத்தில் கேட்பார். புரியவில்லையென்றால் அதே ஆங்கிலத்தை இன்னும் உரக்கக் கேட்பார். ஜப்பானியர் இந்த வதையை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டார்கள் போலும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின்போது விளையாட்டுகளுக்கும் கழிப்பறைக்கும் படக்குறிகளை மாட்டிவைத்து, வந்தவர்களின் வாய்க்கு ஓய்வு கொடுத்தார்கள். சாப்பாட்டு விஷயத்தில் அதற்கும் வெகுமுன்பே முந்திக்கொண்டார்கள். மெழுகில் உணவு மாதிரிகள் செய்யும் தொழிலை இவாசாகி தகிஸோ என்பவர் 1932-இல் ஆரம்பித்தார். இன்று பிளாஸ்டிக் நூடுல்ஸும் பிளாஸ்டிக் இறாலும் உணவகக் கண்ணாடிக்குள் பளபளக்கின்றன. விரலை நீட்டினால் போதும். இலக்கணப் பிழைக்கு இடமே இல்லை.

சிக்கல் நம் சுத்த சைவக்காரருக்குத்தான். காய்கறி மட்டும் மிதக்கும் கிண்ணத்தைக் காட்டிவிட்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவர்போல் உட்காருவார். அந்தச் சாறு பெரும்பாலும் உலர்மீன் சீவலில் இறக்கிய தாஷி என்பதை எந்தப் பிளாஸ்டிக்கும் காட்டிக்கொடுக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள இவருக்கு மொழி இல்லை. சொல்ல உணவகத்தாருக்கும் இல்லை. "மணம் அபாரம்!" என்று இரண்டாவது கிண்ணத்துக்கும் விரல் நீளும். ஆசாரத்தைக் காப்பாற்றுவதில் அறியாமைக்கு நிகர் ஏது?