தசாவதானிகள் 189

அவதானக் கலை அழிந்துவிட்டதென்று தமிழறிஞர்கள் இனி வருந்த வேண்டாம். செய்குத்தம்பிப் பாவலர் நூறு காரியங்களை ஒருசேர நினைவில் நிறுத்திச் சதாவதானி ஆனார். பாவம், அவர் மேடைக்கு நேரில் வர வேண்டியிருந்தது. நம் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுடைய ஆசிரியர் பட்டியலைப் புரட்டியது. 224 கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் 'முழுநேர' ஆசிரியர்கள் என்றது. பல்கலைக்கழகமும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணியது: ஏறக்குறைய 2,000 பணியிடங்களில் 189 பேர். தலைக்குப் பத்துக்கு மேல்! கூடுவிட்டுக் கூடு பாய்ந்த திருமூலர்கூட ஒரு நேரத்தில் ஒரு கூட்டில்தான் இருந்தார்.

திறன்மிகு மனிதவளத்தை உருவாக்குவதுதானே பல்கலைக்கழகத்தின் கடமை? உருவாக்கியாயிற்று. இப்படியொரு உற்பத்தித்திறனை எந்தத் தொழிற்பேட்டையாவது காட்டட்டும். மிச்சம் பிடித்த 1,800 பேர் சம்பளம் யார் பைக்குப் போனது? முனைவர் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பிரியாணிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவனைக் கேளுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் போனவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏஐசிடிஇ) விதி. அதைச் சரிபார்க்கத்தான் குழு, கார், சாப்பாடு, சால்வை எல்லாம். ஒரே ஆள் பத்துக் கல்லூரிக் கோப்பில் இருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லையாம். ரேஷன் கார்டில் ஓர் எழுத்து பிசகினால் கிழவியைத் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடக்க விடுகிற ஊர் இது. அங்கே பூதக்கண்ணாடி, இங்கே கூலிங் கிளாஸ்!

கல்லூரியில் ஏறாத திறனை ஏற்றிவிட அரசு 2022இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. நல்லது. அப்படியானால் நாலு வருஷம் அந்தக் கட்டடத்துக்குள் நடந்தது என்ன என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். திறப்பு விழாக்களில் சங்கடமாக இருக்கும்.

"வாத்தியார் பத்தில் ஒரு பங்குதானே வந்தார், நானும் ஃபீஸில் பத்தில் ஒரு பங்குதான் கட்டுவேன்" என்று எந்தத் தகப்பனாவது கவுன்ட்டரில் நின்று சொல்லிப் பார்க்கட்டும். அன்று சாயங்காலமே பையனின் ஹால் டிக்கெட் நின்றுவிடும். அந்த ஃபீஸ் பதிவேட்டில் மட்டும் ஒரு பெயர்கூட இரண்டு தடவை வந்ததில்லை.